தாத்தா முதுகைக் காட்டி நின்ற ஆட்டம்

தாத்தா இறந்து ஒரு வருடம் ஆனபோது அப்பா ஐம்பது போஸ்டர் அடித்தார். ராயபுரத்தில் எங்கள் தெருமுனையில் தொடங்கி மீன் மார்க்கெட் சுவர் வரை ஒட்டினோம். முதலாம் ஆண்டு நினைவஞ்சலி, ஞாயிறு காலை சர்ச்சில் பூசை, மதியம் வீட்டில் சாப்பாடு. நடுவில் தாத்தாவின் மார்பளவுப் படம். அதில் அவர் சிரிக்கவில்லை. "சிரிங்க" என்று போட்டோக்காரர் சொன்னால் இன்னும் விறைப்பாகிவிடுகிற ஆள் அவர்.

அத்தைக்கு மட்டும் படம் பிடிக்கவில்லை. அத்தை என்றால் அப்பாவின் ஒரே தங்கை. அவளுக்குக் காது கேட்காது. போஸ்டரைக் காட்டி, "கை எங்கே?" என்று சைகையில் கேட்டாள். கை இல்லாத தாத்தா தாத்தாவே இல்லை என்பது அவள் கட்சி.

அது சரிதான். தாத்தா துறைமுகத்தில் சிக்னல்காரராக இருந்தவர். கப்பலின் அடிக்கிடங்கில் என்ன நடக்கிறது என்று மேலே கிரேனுக்குள் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. அந்தச் சத்தத்தில் கத்தினாலும் கேட்காது. கப்பல் தளத்தின் விளிம்பில் நின்று, கீழே பார்த்து, மேலே கையால் சொல்பவர்தான் சிக்னல்காரர். விரல் மேல் நோக்கிச் சுழன்றால் தூக்கு. கீழ் நோக்கிச் சுழன்றால் இறக்கு. ஒரு கையின் மேல் இன்னொரு கையைக் குடை மாதிரி அசையாமல் பிடித்தால் மெள்ள. மூடிய முஷ்டி என்றால் நிறுத்து.

வேலை முடிந்து வந்தாலும் அந்தக் கை ஓயாது. சோறு போதும் என்றால் தட்டுக்கு மேல் முஷ்டி. டிவி சத்தம் அதிகம் என்றால் விரல் கீழே சுழலும். என் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பள்ளி வாசல் வரை வந்து, நான் உள்ளே போகும்போது ஒரு வார்த்தை பேசாமல் விரலை மேலே சுழற்றினார். என் தோழிகள் மின்விசிறியைப் போடச் சொல்கிறார் என்று நினைத்தார்கள்.

அத்தைக்கு இரண்டு வயதில் வந்த காய்ச்சலில் காது போயிற்று. பிள்ளைக்குக் கேட்காது என்று டாக்டர் சொன்ன அன்று வீட்டில் எல்லோரும் அழுதார்களாம். தாத்தா மட்டும் குழந்தையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, "கேக்காதுனா இன்னா? எனக்குந்தான் அங்க எதுவும் கேக்காது. நான் வேல பாக்கலியா?" என்றாராம். அடுத்த நாளிலிருந்து துறைமுகச் சைகையெல்லாம் வீட்டுக்குள் வந்துவிட்டது. பிறகு அத்தை காது கேளாதோர் பள்ளியில் முறையான சைகை மொழி படித்தாள். ஆனாலும் எங்கள் வீட்டில் பேசுவது இரண்டும் கலந்த ஒரு மொழி. வெளியாருக்குப் புரியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கூட்டம் வீட்டுக்கு வந்தது. மாடியில் சாமியானா போட்டு பிரியாணி, கத்திரிக்காய்த் தொக்கு, சுறாப்புட்டு. சாப்பிட்டு முடித்தும் யாரும் கிளம்பவில்லை. நாற்காலிகளை வட்டமாகப் போட்டுக்கொண்டு தாத்தாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். நான் அத்தைக்கு எதிரில் உட்கார்ந்து, பேசுவதைச் சைகையில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

முதலில் பேசியவர் கிரேன் தாத்தா. தாத்தாவோடு முப்பது வருடம் வேலை செய்த கிரேன் ஆபரேட்டர் என்பதால் எங்களுக்கெல்லாம் அவர் கிரேன் தாத்தா. எண்பது வயதாகிறது. குரல் மட்டும் இன்னும் கப்பல் தளத்துக்கே கேட்கும்.

"மழ தூறிக்கினு கீது. ஒரு பெரிய மிஷினு, லாரி சைஸு, அத்த கீழ எறக்கணும். கீழ கெடங்குல எட்டுப் பேரு. நான் பாதி எறக்கிட்டேன். உங்க தாத்தன் பட்டுனு முஷ்டிய மூடிட்டான். நிறுத்திட்டேன். சரக்குக்காரங்க சார்பா ஒரு கோட்டு போட்ட ஆளு வந்திருந்தாரு. அவரு குதிக்கிறாரு. எறக்கு, எறக்குனு என்னப் பாத்து கைய ஆட்றாரு. உங்க தாத்தன் திரும்பியே பாக்கல. கை அப்படியே நிக்குது. உன் வேலய காலி பண்ணிடுவேன்றாரு. கை தொறக்கல."

"நீங்க இன்னா பண்ணீங்க?" என்றார் யாரோ.

"இன்னா பண்றது? கோட்டு போட்டவன் எனக்குக் கண்ணா? இவன்தான் எனக்குக் கண்ணு. லீவர்லேர்ந்து கைய எடுத்துட்டு பீடிய பத்த வெச்சுக்கினேன். எட்டுப் பேரும் ஏறி வெளிய வந்தாங்க. அப்புறம் பாத்தா, கட்டியிருந்த கம்பி வடத்துல பாதி இழை அறுந்து தொங்கிக்கினு கீது. மேலேர்ந்து எனக்கும் தெரியல, கீழேர்ந்து அவங்களுக்கும் தெரியல. அந்த மழையில இவன் ஒருத்தன் கண்ணுக்குத்தான் பட்டுச்சு."

அந்த எட்டுப் பேரில் ஒருவரின் மகன் கூட்டத்தில் இருந்தார். எழுந்து வந்து கிரேன் தாத்தாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மறுபடி போய் உட்கார்ந்தார்.

அடுத்து கேரம் மன்றத்தின் பழைய செயலாளர் பேசினார். பக்கத்துத் தெருவில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட மன்றம் அது. அத்தைக்குப் பதினாலு வயதில் தாத்தா அவளை அங்கே கூட்டிப்போனார். பள்ளியில் கேரம் ஆடி அவளுக்கு ஆசை பிடித்திருந்தது.

"நான் உள்ள வுடல," என்றார் செயலாளர். "ஆம்பளைங்க கைலியோட ஒக்காந்துனு கீற எடம், பொம்பளப் புள்ள வேணாம் நைனான்னேன். அவரு ஒரு வார்த்த பேசல. ஓரமா ஒடஞ்ச கேரம் போர்டு ஒண்ணு கெடந்துச்சு. இத எடுத்துக்கவானு கையாலயே கேட்டாரு. எடுத்துக்கோன்னேன். மறுநாள் சாயங்காலம் பாத்தா, மன்றத்து வாசல்லயே, நட்டநடு சந்துல, டிரம் மேல போர்ட வெச்சு அப்பனும் பொண்ணும் ஆடிக்கினு கீறாங்க."

"எத்தினி நாளு?"

"ரெண்டு வாரம். மொதல்ல ஒருத்தன் வெளிய போய் வேடிக்க பாத்தான். அப்புறம் ரெண்டு பேரு. அந்தப் பொண்ணு அடிக்கிற அடியப் பாத்துட்டு எல்லாரும் வாசலுக்குப் போய்ட்டாங்க. உள்ள நல்ல போர்டு நாலு சும்மா கெடக்குது, நான் ஒருத்தன் மட்டும் பவுடர் டப்பாவோட ஒக்காந்துனு கீறேன். மானம் போவுதுனு நானே போய்க் கூப்ட்டேன். வாம்மா, உள்ள வந்து ஆடுன்னேன்."

இதை நான் அத்தைக்குச் சொன்னபோது அவள் வாய்விட்டுச் சிரித்தாள். பதினாலாவது நாள் கூப்பிட வந்த செயலாளரைப் பார்த்தும் இதே மாதிரி சிரித்ததாகவும், அதற்குத் தாத்தா தொடையில் கிள்ளியதாகவும் சொன்னாள்.

அப்போதுதான் மாடிப்படியில் ஒரு பெண் ஏறி வந்தாள். ஐம்பது வயதைத் தாண்டியவள். காட்டன் புடவை, கையில் மல்லிகை மாலை. யாரையும் பார்க்காமல் நேரே போய், சாமியானா ஓரத்தில் வைத்திருந்த தாத்தா படத்துக்கு மாலையைப் போட்டுக் கும்பிட்டாள். திரும்பியதும் அப்பாவின் முகம் மாறியது.

"இவங்க எதுக்கு வந்தாங்க?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு என் காதில் சொன்னார். "அந்த ஃபைனல்ல உன் தாத்தாவ திருடன்னு சொன்னது இவங்கதான்."

யார் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. அந்த ஃபைனல் பற்றி நான் பிறந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அத்தைக்குப் பத்தொன்பது வயது. திருவொற்றியூரில் ஒரு பள்ளி மண்டபத்தில் மாவட்ட அளவிலான பெண்கள் போட்டி. இறுதி ஆட்டத்தில் எதிரே இருந்தவள் எம்.கே.பி. நகரிலிருந்து வந்தவள். இரண்டு வருடமாக அவளை யாரும் ஜெயித்ததில்லை. மூன்று கேம், இரண்டை எடுப்பவருக்குக் கோப்பை. முதல் கேம் அவளுக்கு. இரண்டாவது கேமை அத்தை எடுத்தாள். எடுத்ததும் அந்தப் பெண் எழுந்து நின்று, முன்வரிசையில் உட்கார்ந்திருந்த தாத்தாவைக் காட்டி, "அந்தப் பெரியவரு கையாலயே சொல்லிக் குடுக்குறாரு. நான் பாத்தேன்" என்று நடுவரிடம் புகார் சொன்னாள்.

மண்டபம் இரண்டாகப் பிரிந்து கத்தியது. தாத்தா மறுத்துப் பேசவில்லை. எழுந்து வெளியே போனார். வராந்தாவில் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ரோட்டைப் பார்த்து நின்றார். அவமானம் தாங்காமல்தான் வெளியே போனார் என்று அப்பா முப்பது வருடமாக நம்பிக்கொண்டிருந்தார். அந்தக் கோபம் அப்படியே இருந்தது.

நல்லவேளை, அப்பா எழுவதற்குள் கிரேன் தாத்தா பேச ஆரம்பித்துவிட்டார்.

"வாம்மா, ஒக்காரு," என்று அந்தப் பெண்ணுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "மூணாவது கேமு நான் ஜன்னலாண்ட நின்னு பாத்தேன். இவன் என் பக்கத்துலயே அந்தாண்ட பாத்துக்கினு நிக்கிறான். இன்னாடா, நான் சொல்லட்டானு கேட்டா, வாயத் தொறக்காத, உன் மூஞ்சியும் என் பக்கம் திருப்பாதன்றான். முக்கா மணி நேரம் நின்னான்பா. டேங்கர் லாரிங்களா போவுது, அத்தயே பாத்துக்கினு."

கடைசி போர்டு, அதாவது கடைசிச் சுற்று. இருவரும் சமம். அந்தப் பெண்ணுக்கு மிச்சம் ஒரே ஒரு காய், அதுவும் பாக்கெட் வாயில். ரெட்டைப் போட்டுவிட்டு அதை ஒரு தட்டுத் தட்டினால் ஆட்டம் முடிந்துவிடும். அத்தைக்கு இரண்டு காயும் நடுவில் ரெட்டும் பாக்கி. ஒரே முறையில் மூன்றையும் போட்டால்தான் உண்டு. ஒன்று தவறினாலும் கோப்பை எதிரே போய்விடும். அத்தை ரெட்டைப் போட்டாள். ஒரு காயைப் போட்டு அதை உறுதி செய்தாள். கடைசிக் காய் அவள் பக்கத்துக் கட்டையோடு ஒட்டிக் கிடந்தது. கட்டை விரலால் பின்னுக்கு அடிக்க வேண்டிய அடி. நடுவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். அத்தை ஸ்ட்ரைக்கரை ஒரு முறை நகர்த்தினாள், மறுபடி நகர்த்தினாள், அடித்தாள்.

"மண்டபமே எழுந்து நின்னுச்சு," என்றார் செயலாளர். "என் பையில இருந்த பவுடரெல்லாம் மேல எறிஞ்சிட்டேன்."

"அந்தச் சத்தம் கேட்டு இவன் திரும்பல," என்றார் கிரேன் தாத்தா. "யாரு ஜெயிச்சாங்கனு கேக்கவும் இல்ல. பொண்ணு வெளிய ஓடியாந்து அவன் முன்னாடி வந்து நின்னா. கையால சொன்னா, சரக்கு எறங்கிடுச்சு, கொக்கிய கழட்டலாம்னு. அப்பதான் அவன் அழுதான். முப்பது வருஷத்துல அன்னிக்கு ஒரு தபாதான் பாத்தேன்."

பிறகு அந்தப் பெண், "நானும் ஒண்ணு சொல்லணும். அதுக்குத்தான் வந்தேன்" என்றாள். மீன் வாங்க ராயபுரம் வந்தபோது போஸ்டரைப் பார்த்தாளாம். எம்.கே.பி. நகரில் மாவு மில் வைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மில்லை மூடிவிட்டு வந்திருந்தாள்.

"அன்னிக்குப் பரிசு குடுத்து முடிச்சதும் நான் கொழாயாண்ட போய் மூஞ்சி கழுவிக்கினு அழுதுகினு இருந்தேன். இவரு வந்தாரு. திட்டப் போறாருனு நெனச்சேன். 'நீ சொன்னது நெசம்தாம்மா'ன்னாரு."

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"'ரெண்டாவது கேமுல ஒரு தபா என் கை தானா போச்சு. மெள்ளனு சொல்லிச்சு. பழக்கம். வேணும்னு பண்ணல, ஆனா பண்ணிட்டேன். என் பொண்ணு அத்த பாத்தாளா இல்லியானு எனக்குத் தெரியாது. நீ வா, உள்ள போலாம். எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன். அந்தக் கேமு உனக்குத்தான், கப்பும் உனக்குத்தான்'னாரு."

எனக்குக் கை நின்றுவிட்டது. சைகையில் சொல்ல வேண்டியதை மறந்து உட்கார்ந்திருந்தேன். அத்தை என் முழங்காலைத் தட்டி, என்ன என்று கேட்டாள்.

"ரெண்டாவது கேமு எனக்குன்னா மேட்ச்சே எனக்குத்தான்," என்று அந்தப் பெண் தொடர்ந்தாள். "சரினு சொல்ல ஒரு செகண்டு ஆவாது. ஆனா மூணாவது கேமுல அவரு வெளிய நின்னாரு. கட்டையோரம் கெடந்த காய அந்தப் பொண்ணு அடிச்சத என் கண்ணால பாத்தேன். அதுக்கப்புறம் அந்தக் கப்ப நான் எப்படி தூக்கிக்கினு வூட்டுக்குப் போவேன்? வேணாம்பா, அவதான் ஜெயிச்சா, நீங்க போங்கன்னேன். என் தலைல கை வெச்சுட்டுப் போனாரு. இத்தினி வருஷமா யாராண்டயும் சொல்லல. அவரு இருக்கும்போதே ஒரு நாள் வந்து பாத்திருக்கலாம்."

நான் ஒவ்வொரு வார்த்தையாக அத்தைக்குச் சொன்னேன். 'மெள்ள' என்ற இடத்தில் தாத்தா செய்கிற மாதிரியே கைமேல் கையைப் பிடித்துக் காட்டினேன். எல்லோரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கோப்பைதான் அவள் வாழ்க்கையைத் திருப்பிப் போட்டது. அதைத் தொடர்ந்து மாநிலப் போட்டி, அதைத் தொடர்ந்து விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலை. எங்கள் வீட்டில் மாதச் சம்பளத்துக்கு அலுவலகம் போன முதல் பெண் அவள். நான் படித்த படிப்புக்குக் காரணமும் அவள்தான். அது முழுக்க அவளுடையதுதானா என்ற கேள்வி மொட்டை மாடியில் எல்லோர் முன்னாலும் வந்து நின்றுவிட்டது.

அத்தை நெற்றியில் அடித்துக்கொண்டாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் நீர் வரும் அளவுக்குச் சிரித்தாள். கைகள் வேகமாக ஓடின. அவள் சொன்னதை அவள் சொன்னபடியே நான் சத்தமாகச் சொன்னேன்.

"நான் பார்த்தேன். ரெட் நடுவில் இருந்தது. அப்பா மெள்ள என்றார். அவருக்கு கேரம் தெரியாது. அந்த போர்டில் அந்த இடத்தில் பவுடரே இல்லை, மெள்ள அடித்திருந்தால் ரெட் பாதி வழியில் நின்றிருக்கும். நான் அவர் சொன்னதைக் கேட்கவில்லை. பலமாக அடித்தேன். எதிர்க் கட்டையில் பட்டுத் திரும்பி வந்து விழுந்தது."

அந்தப் பெண் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். "ஆமா! டபுள்! டபுள்லதான் வுழுந்துச்சு அந்த ரெட்டு! எனக்கு நல்லா ஞாபகம் கீது. அந்த அடிக்கு நான் ஆடிப்போய்ட்டேன்!"

"அப்ப அவன் சொன்னத மீறித்தான் ஜெயிச்சிருக்கா!" என்று கிரேன் தாத்தா தொடையைத் தட்டினார். "டேய், நீ குடுத்த சிக்னல மதிக்காத ஒரே ஆளு உன் பொண்ணுதான்டா!" என்று படத்தைப் பார்த்துக் கத்தினார். மாடி முழுக்கச் சிரிப்பு. அந்த எட்டுப் பேரில் ஒருவரின் மகன் விசிலடித்தார். செத்தவர் வீட்டு விசேஷத்தில் விசிலா என்று கீழ்வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. அந்தப் பெண்ணின் முன்னால் போய் நின்றார். "முப்பது வருஷமா உங்கள திட்டிக்கினு இருந்தேங்க்கா. அவரு ஒரு வார்த்த எங்களாண்ட சொல்லல."

"அதுக்கென்னப்பா," என்றாள் அவள். "நானும் இத்தினி வருஷமா ஒரு கப்ப தானம் பண்ணிட்டதா நெனச்சுக்கினு இருந்தேன். இன்னிக்குத்தான் தெரியுது, அது எப்பவுமே என்னுது இல்லனு."

அத்தை மெதுவாக என்னிடம் ஒன்று சொன்னாள். அதை நான் அப்போது யாருக்கும் சொல்லவில்லை. "என்னிடம் கேட்டிருக்கலாம். ஒரு கேள்வி. நான் பார்த்தேன், கேட்கவில்லை என்று சொல்லியிருப்பேன். பாவம், கடைசிவரை பயந்திருக்கிறார்." அவளுக்கு அது வலித்தது, தெரிந்தது. ஆனால் அடுத்த நிமிடமே எழுந்து போய் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து, பிரியாணி இருக்கிற பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். இரண்டு கரண்டி அவளே பரிமாறினாள். அந்தப் பெண் போதும் போதும் என்று வாயால் சொல்லச் சொல்ல மூன்றாவது கரண்டி விழுந்தது. முஷ்டியை மூடிக் காட்டுங்கள் என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

சாயங்காலம் மன்றத்திலிருந்து போர்டு வந்தது. ஆறு கேம் ஆடினார்கள், ஆளுக்கு மூன்று. இரண்டு பேருக்கும் கண்ணாடி போட்டும் காய் சரியாகத் தெரியவில்லை என்று இரண்டு பேருமே புகார் சொன்னார்கள். கிளம்பும்போது அந்தப் பெண் ஒரு நோட்டீஸை எடுத்து அத்தையிடம் கொடுத்தாள். ஐம்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு இரட்டையர் போட்டி, திருவொற்றியூரில். தனக்கு ஜோடி இல்லாமல் பெயர் கொடுக்காமல் வைத்திருந்தாளாம். அத்தைக்கு அந்த மாதம்தான் ஐம்பது முடிந்திருந்தது. நோட்டீஸைப் படித்துவிட்டு, பேனா எங்கே என்று கேட்டாள்.

அதன்பின் வாரம் இரண்டு நாள் அத்தை அலுவலகத்திலிருந்து நேரே எம்.கே.பி. நகர் போனாள். மில்லின் பின்கட்டில் மாவு மூட்டைகளுக்கு நடுவே பயிற்சி. அந்தப் பெண் எங்கள் சைகையில் பத்துப் பதினைந்தைக் கற்றுக்கொண்டாள். மிச்சத்துக்குத் தானே புதிதாகச் செய்துகொண்டாள். ஆட்டத்துக்கு நடுவே பேச முடியாது என்பது அவளுக்குத்தான் கஷ்டமாக இருந்தது, அத்தைக்கு இல்லை.

இறுதி ஆட்டத்தன்று நாங்கள் பன்னிரண்டு பேர் போனோம். கிரேன் தாத்தாவை இரண்டு பேர் பிடித்துப் படியேற்றினோம். எதிரணி மீஞ்சூரிலிருந்து வந்த இரண்டு ஆசிரியைகள், நல்ல ஆட்டக்காரர்கள். முதல் கேம் போய்விட்டது. இரண்டாவதில் கடைசி போர்டில்தான் தப்பித்தார்கள். மூன்றாவதில் அந்த மில்காரப் பெண் ரெட்டைப் போட்டு, அதன் பின்னாலேயே வரிசையாக நாலு காய் போட்டாள். அத்தை எழுந்து நின்று கை தட்டியதற்கு நடுவர் எச்சரித்தார். அது அத்தைக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நிறுத்தியிருக்க மாட்டாள்.

திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் இரண்டு பேரும் முன்சீட்டில், மடியில் கோப்பை. எண்ணூர் நெடுஞ்சாலையில் வழக்கம்போல கன்டெய்னர் லாரிகள் நகராமல் நின்றன. பக்கத்தில் நின்ற டிரெய்லரின் டிரைவர் மேலேயிருந்து தலையை நீட்டினார்.

"இன்னாக்கா அது, கப்பா?"

"கேரம்," என்றாள் அந்தப் பெண். "டபுள்ஸு. ஃபர்ஸ்ட்டு."

அத்தை கோப்பையை இரண்டு கையாலும் தூக்கி, அவர் நன்றாகப் பார்க்கும்படி திருப்பிக் காட்டினாள். அவர் ஹாரனை நீளமாக ஒரு முறை அடித்தார்.